பதிவுப் புத்தகத்தில் ஐந்து வரிகள்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு ஜீப்பின் பின்சக்கரம் செம்மண் சேற்றில் இறங்கியது. நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை; அதை எழுதியவள் நான்தான். வீணாகச் சுற்றிய சக்கரத்தின் கருகல் நாற்றமும், மரங்களில் கட்டியிருந்த மங்குகளில் புளித்துக் கிடந்த ரப்பர்ப் பாலின் நாற்றமும், ரேடியோ வால்வுகளின் மேல் சுட்ட தூசியின் வாசமும் ஒன்றாகக் கலந்து வந்தன. இன்றும் எங்காவது ஒரு லாரி சேற்றில் சிக்கி உறுமினால் என் வலது கை தானாகப் பென்சிலைத் தேடுகிறது.

அப்பா மலாக்காவில் தந்தி ஆபீஸ் கிராணி, குமாஸ்தா வேலை. காஜா பெராங்கில், மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளின் வீடுகளுக்குப் பின்வரிசையில் குடியிருந்தோம். கம்யூனிஸ்டுக் கலகத்துக்காக அறிவித்த அவசரகாலத்தில் சொந்தமாக ஒரு ரேடியோ ஒலிபரப்புக் கருவிக்கு ஆசைப்படுவது போலீசைக் காலைக் காப்பிக்கு அழைப்பது மாதிரி என்று அம்மா சொல்வார். அப்பா விடவில்லை. பரீட்சை எழுதினார், விசாரணைக்குப் போனார், காத்திருந்தார். மெர்டேகாவுக்கு, நாடு சுதந்திரம் பெற்றதற்கு, அடுத்த ஆண்டு அமெச்சூர் ரேடியோ லைசென்சு வந்தது. கூடவே, வானலையில் அவர் பெயராக ஓர் அழைப்புக்குறியும். அவர் கூரைமேல் கம்பி கட்டிய அன்று, பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்மணி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, யார் வருவார்கள் என்று தெரியாமல் இப்படியா ஆளைக் கூப்பிடுவது என்று தம் மலாயில் கேட்டார். அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிறகு, வண்டியில் வைத்து இயக்கவும் தனி அனுமதி கிடைத்தது. ஒரு பழைய பட்டாள ஜீப்பில் கருவியைப் பொருத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் "சடக்கு" என்று எங்கள் ஆட்கள் சொல்லும் தார்ச் சாலையை விட்டு விலகி, புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டங்களின் மேட்டுக்கு ஏறுவோம். ஊரின் மின்சார இரைச்சல் அங்கே இருக்காது. நிபந்தனைகள் மூன்று. போகுமிடத்தைப் போலீசில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டதையும் அனுப்பியதையும் நேரத்தோடு பதிவுப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். லைசென்சு உள்ளவரைத் தவிர வேறு யாரும் தந்தி விசையைத் தொடக்கூடாது. பதினொரு வயதில் எனக்குப் புள்ளியும் கோடுமான மோர்ஸ் தந்திமொழியைக் கேட்கத் தெரியும், எழுதத் தெரியும். அதனால் புத்தகம் என் மடியில் இருக்கும். "ஊர்ல பொண்ணுங்கள கோயிலுக்குக் கூட்டிப் போறாங்க, இவரு கம்பி கட்டக் கூட்டிப் போறாருலா," என்பார் அம்மா.

தந்திக்காரர்கள் "கை" என்று ஒன்றைச் சொல்வார்கள். யார் அனுப்புகிறார் என்பதைத் தட்டும் நடையிலிருந்தே கண்டுகொள்வது. அப்பா தம் அழைப்புக்குறியின் கடைசிக் கோட்டை, விட மனமில்லாதவர் போல, கொஞ்சம் இழுத்து முடிப்பார். தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும்.

அன்று சக்கரம் இறங்கியதும் அப்பா பலகையும் ஆளும் தேடித் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கிளம்பினார். சற்றுத் தள்ளி ஓடிய ஆழமான வடிகால் கானைத் தாண்டிக் குறுக்கே போனால் பக்கம். மூவாரில் மருந்துக்கடை வைத்திருந்த சீன நண்பர் நான்கு மணிக்கு மேல் ரேடியோவில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"ஹெட்போனக் கழட்டாத. அவரு கூப்பிட்டா எழுதி வை. அரை மணியில வந்துடறேன்."

"பயமா இருக்குப்பா."

"பேய் வந்தா அதையும் நேரம் போட்டு எழுதி வை," என்று சொல்லிவிட்டு மரங்களுக்குள் போனார்.

வரிசை வரிசையாக ஒரே மாதிரி மரங்கள். ஞாயிறு என்பதால் பால்வெட்டு இல்லை, ஆள் இல்லை. அந்த அமைதிக்குப் பயந்தே ஹெட்போனின் இரைச்சலுக்குள் ஒடுங்கிக்கொண்டேன்.

நான்கு ஐந்துக்கு, அந்த இரைச்சலுக்கு அடியில் மெல்லிய ஓர் ஒலி அப்பாவின் அழைப்புக்குறியை அனுப்பியது. கடைசிக் கோடு இழுத்து முடிந்தது. அப்பாவின் கை.

முதலில் எனக்கு நிம்மதிதான். தோட்டத்து ஆபீசில் ஒரு கருவி கிடைத்திருக்கிறது, என்னோடு விளையாடுகிறார் என்று நினைத்தேன். எழுதினேன். நான்கு பன்னிரண்டுக்கு மறுபடியும். எழுதினேன். நான்கு இருபதுக்கு வந்தபோது, தெளிவாகக் கேட்கட்டும் என்று அலைவரிசைக் குமிழை மெதுவாகத் திருப்பினேன். திருப்பினால் ஒலியின் சுருதி ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். அது அசையவில்லை. எங்கே திருப்பினாலும் அதே சுருதியில் அங்கேயே இருந்தது. ஹெட்போனைக் காதோடு அழுத்தினேன், அது தேய்ந்தது. கையை எடுத்தேன், திரும்பி வந்தது.

அப்பா இறந்துவிட்டார் என்று அப்போது முடிவு செய்தேன். அழவில்லை. நான்கு நாற்பத்தொன்று, எழுதினேன். நான்கு ஐம்பத்தெட்டு, எழுதினேன். அதன் பிறகுதான் தொடக்கூடாததைத் தொட்டேன். தந்தி விசையில் அப்பாவின் அழைப்புக்குறியைத் தட்டினேன். விசை அழுந்தும்போது கேட்கும் பகுதி ஊமையாகிவிடும். ஊமையான அந்த நொடியிலும் அந்தக் கை நிற்கவில்லை.

மூவார்க்காரர் உடனே பதில் கொடுத்தார். ஒரே கேள்வி: யார் நீ? அப்பாவின் குறியை வேறு ஒரு கை அனுப்புவதை அவர் கண்டுகொண்டார். நான் விசையை விட்டுவிட்டேன். யாரோ கருவியைத் திருடிவிட்டார்கள் என்று எண்ணி அவர் மலாக்கா போலீசுக்குப் போன் செய்திருக்கிறார். இடமோ அவர்களிடம் ஏற்கெனவே எழுத்தில் இருந்தது.

அப்பா பிழைத்தார். கானில் விழுந்து விலாவும் இடுப்பும் உடைந்து, கத்த மூச்சில்லாமல் கிடந்திருக்கிறார். இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இரண்டு கால்களையும் ஊன்றி நடந்திருப்பார் என்று மருத்துவர் அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். கடைசிவரை ஊன்றுகோல்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அந்தக் குறி கேட்ட ஐந்து வரிகளையும் படித்து, லைசென்சுக்காரர் போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

இன்று அந்தத் தோட்டம் இல்லை. அந்த மேட்டில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. காஜா பெராங் வீட்டுக் கூரையும் கம்பியும் போய்விட்டன. கையை வைத்து ஆளைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர்ந்தார்கள். போன மாதம் என் மகனுக்கு லைசென்சு வந்தது. நண்பர்களோடு நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் கருவியைக் கட்டிக்கொண்டு சனிக்கிழமை காட்டுக்குப் போகிறான். ஒரு காதையாவது வெளியே விடு என்று கெஞ்சினேன். "இப்பல்லாம் யாரும்மா ஹெட்போன் போடறாங்க? எல்லாம் ஸ்பீக்கர்தான்," என்கிறான். அவன் திரும்பும்வரை நான் தூங்கப்போவதில்லை.

தோட்டத்தில் அந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். துப்பாக்கியோடு ஒரு மலாய்க் கார்ப்பரல்; அவருக்குப் பின்னால் ஒரு தமிழர். "திருடனுக்கு ரெட்டை ஜடையா?" என்று அந்தத் தமிழர் சிரித்தது வாயசைவில் தெரிந்தது. பிறகு ஏதோ கேட்டார், எனக்குக் கேட்கவில்லை. அவரே கை நீட்டி என் காதுகளிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்று, கான் இருந்த பக்கம் தலையைத் திருப்பினார்.

"பாப்பா, அங்க யாரோ விட்டு விட்டு, இழுத்து இழுத்து விசிலடிச்சுக்கிட்டே இருக்காங்களே," என்றார். "எவ்ளோ நேரமா?"