எவருமில்லாத பிள்ளையின் குடி

எங்கட பக்கத்தில பிள்ளை தாய்ட குடியை, அதாவது அவள்ட வம்சத்தைத்தான் சேரும். வாப்பா மவுத்தாகி இல்லாமல் போனாலும் குடி அப்படியே இருக்கும். சாய்ந்தமருதிலேயே பிறந்து வளர்ந்து, பிள்ளைகளுக்கென்று காசு சேர்க்கிற அச்சிமுகம்மதுக்கு இது தெரியாததல்ல. தெரிந்துகொண்டுதான் சந்தியில் அந்தப் பெனரைக் கட்டினார்.

ஜுனைதா என் உம்மாட தங்கச்சியான சாச்சிட பேத்தி; ஒரே குடி. அவளுடைய புருஷன் ஸஜாத் ஒலுவிலில் இருந்து கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மகள் ஸப்னாவுக்கு அப்போது எட்டு வயது. அச்சிமுகம்மது நடத்துகிற 'பிஞ்சுக்கரம்' சிறுவர் நிதியம் பிள்ளைக்கு ஒரு புத்தகப் பையும் காலுக்குச் சப்பாத்தும் கொடுத்து, கையோடு படமும் எடுத்தது. அடுத்த கிழமை சந்தியில் ஆள் உயரப் பெனரில் அந்தப் படம். கீழே, 'எவருமில்லாத இச்சிறுமிக்கு அள்ளி வழங்குவீர்.'

பள்ளிக்கூடத்தில் "எவருமில்லாதவள் வாறாள்" என்றார்கள். ஸப்னா இனிப் போகமாட்டேன் என்று படுத்துவிட்டாள்.

ஜுனைதா போய் அண்ணன் முறை வைத்தே கேட்டாள். "காக்கா, அதைக் கழட்டுங்க. என்ட புள்ளைக்கு நான் இரிக்கன், குடி இரிக்கி."

"குடி இரிக்கி எண்டு எழுதினா யாருகா காசு போடுவான்? சப்பாத்து வாங்கக்குள்ள இந்த ரோசம் எங்க போன?"

அவள் அன்றே பையையும் சப்பாத்தையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். பிள்ளையைச் சம்மாந்துறையில் மாமி வீட்டில் விட்டுப் படிப்பித்தாள். பெருநாளைக்குக்கூட ஊருக்கு வர அது சம்மதிக்கவில்லை. அதற்காகவே ஜுனைதா அந்த மனுஷனை மறக்காமல் வைத்திருந்தாள்.

மூன்று வருஷத்தில் அச்சிமுகம்மதுக்கு ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாக ஏறி, செய்த பிழையைப் பொறுக்கும்படி பொறுப்புக் கேட்பது வழமை; அது கிடைக்காமல் பயணம் போக எவரும் விரும்பமாட்டார். எல்லா வீடும் ஏறிவிட்டுக் கடைசியாகத்தான் ஜுனைதாட வாசலுக்கு வந்தார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா பொறுத்துக்க தங்கச்சி."

"தெரிஞ்சுதான் செஞ்சீங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் அதே சந்திக்கு வாங்க. காசு சேக்கிற ஆட்டோவில இரிக்கிற ஸ்பீக்கரைப் போட்டு, என்ட புள்ளைக்கு யார் யார் இரிக்காங்க எண்டு சொல்லுங்க."

வந்தார். ஸப்னாவைக் கெஞ்சிக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தியிருந்தாள். எங்கட குடிக்குத் தலைவரான மரைக்கார் ஷரிபுதீனும் நானும் பக்கத்தில் நின்றோம்.

"ஸஜாத்தின் மகள் ஸப்னா..." என்று ஸ்பீக்கரில் தொடங்கினார்.

"வாப்பால தொடங்காதீங்க. உம்மா வழியால வாங்க," என்றாள் ஜுனைதா.

வேர்க்க வேர்க்கத் திரும்பத் தொடங்கினார். ஜுனைதாட மகள், ஆசியத்தும்மாட பேத்தி, மாமா மீராலெப்பை என்று போய், ஒரு பெரியம்மாவை விட்டுவிட்டார்.

"றாபியத்தும்மா எங்க? கடல்ல போட்டீங்களா? முதல்ல இரிந்து சொல்லுங்க."

"பாடமாக்கிட்டு வந்திரிக்கலாமே ஹாஜியார்!" என்றான் மீன் விற்கிற றஸ்மி. சனம் சிரித்தது. ஜுனைதா மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாம் தரம் ஒருவரும் விடுபடவில்லை. நான் தலையாட்டினேன்.

"இப்ப பொறுத்திட்டியா?" என்றார் அச்சிமுகம்மது.

"சொல்லத்தான் சொன்னன். பொறுப்பன் எண்டு எப்ப சொன்னன்? புள்ளைட்ட கேளுங்க."

ஸப்னா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போயிட்டு வந்து கேளுங்க," என்றாள்.

அவர் முகம் செத்துப்போனது. அன்று பின்னேரம் சம்மாந்துறை பஸ் வந்தது. ஸப்னா ஏறவில்லை.