நான்கு கம்பிகளுக்கு ஒரு பிளக்

‘ஒரே இருக்கையில் நீண்ட நேரம் அமர்ந்து பணியாற்றக்கூடியவர், முடிவெடுப்பதில் தயக்கமற்றவர்.’ எங்கள் ஆவணப் பிரிவு எழுத்தரைப் பற்றி அலுவலகக் குறிப்பு இப்படித்தான் சொல்கிறது. எழுதிய மேலாளர் அவரை உட்கார்ந்த நிலையில் எப்போது பார்த்தார் என்பது தெரியவில்லை.

வீட்டில் அவர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்துகொண்டே டெலிபோன் பிளக் ஒன்றைச் சொருகுவார், உருவுவார். ‘டிக்’ என்ற சத்தம் கேட்டதும் முகம் மலரும், உடனே சுருங்கும். மேசைமேல் பிஸ்கட் டப்பாக்கள். ஒன்றில் பிளக்கைச் சொருகும் ஆறு பின் ஜாக்குகள், மற்றொன்றில் எட்டு பின். ஒரே டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து, “இது போர்டுல நிக்கிற ஜாதி, அது படுக்கிற ஜாதி,” என்று எனக்கு அறிமுகம் செய்தார்.

வேலை சின்னதுதான். மனைவிக்கு ஏழாம் மாதம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவள் படுத்திருப்பது மாடியில். கீழே சமையலறையில் இருக்கும் மாமியாருக்குக் காது மந்தம். போன் அடித்தாலும் எட்டாது. மேலே பொத்தானை அழுத்தினால் கீழே விளக்கு எரிய வேண்டும். மாமியார் பதிலுக்கு அழுத்தினால் மேலே பச்சை விளக்கு எரியும். இதற்கான சர்க்யூட் போர்டை இரண்டே மாலைகளில் முடித்துவிட்டார். மாடிக்கும் கீழுக்கும் ஓடும் நான்கு கம்பி வயருக்குப் பிளக் தேர்ந்தெடுப்பதில்தான் மூன்று வாரம் போயிற்று. திங்கட்கிழமை அவருடைய லீவு முடிகிறது.

“ஸ்க்ரூ வச்சு முறுக்கிட்டா என்ன?” என்றேன்.

“அப்புறம் கழட்டணும்னா?”

“எதுக்குக் கழட்டணும்?”

“இன்னும் நல்லாப் பண்ண வேணாமா?” என் அறியாமைக்காக வருந்தினார்.

எட்டு பின் வேண்டாம் என்பதற்குக் காரணம் வைத்திருந்தார். படிக்கட்டின் கீழுள்ள இன்டர்நெட் பெட்டியிலும் அதே அளவு ஓட்டைதான். “அத்தை பெருக்கறப்போ கழண்டு, தெரியாம அதுல சொருகிட்டாங்கன்னா? நம்ம வயர்ல பன்னெண்டு வோல்ட்டு. பெட்டி காலி.” ஆகவே ஆறு பின். கடையில் ரெடிமேட் டெலிபோன் வயர் வாங்கிவந்து மாட்டினார். அந்த வயரில் ஒரு முனையில் முதலில் நிற்கும் கம்பி மறுமுனையில் கடைசியில் நிற்கும். டெலிபோனுக்கு அதனால் பாதகமில்லை. இவருடைய போர்டிலோ பிளஸ் போக வேண்டிய இடத்தில் மைனஸ் போய், மெல்லிய புகை கிளம்பியது.

“ஏங்க, விளக்கு எரியுதா, வீடு எரியுதா?” என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

புது போர்டு தயாரானதும் புதுச் சந்தேகமும் தயாரானது. ஆறு பின் பிளக்கும் அந்த நெட் ஓட்டைக்குள் நுழைகிறது. நுழைந்து ஓரத்துப் பின்களை நசுக்குகிறது. மறுபடி எட்டுக்குத் தாவினார். அங்கிருந்து மறுபடி ஆறு.

“மாப்ள, புள்ள பள்ளிக்கூடம் போறதுக்குள்ள முடிஞ்சிருமா?” என்று மாமியார் காய் நறுக்கியபடி கேட்டார்.

ஞாயிறு மதியம் நான் போனபோது மேசையைச் சுற்றி அதே ‘டிக்’ நடை. முதலில் பார்த்தது நான்தான். கீழிருந்து மூன்றாவது படியில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மறுகையை வயிற்றில் வைத்து அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

“நாலு தடவ கூப்பிட்டேன். தண்ணி தீர்ந்துபோச்சு. அதான் நானே...”

இவர் கையில் பிளக் இருந்தது. “கேக்கலையே,” என்றார்.

“காது நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு?” அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

இருவருமாக அவளைப் படிப்படியாக மேலே கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். டாக்டருக்குப் போன் செய்தார். வலி இல்லையென்றால் பயமில்லை, இனி இறங்கவே கூடாது என்று பதில் வந்தது. அவர் ஒரு செம்பு தண்ணீரைக் கட்டில் பக்கம் வைத்தார். பிறகு கீழே வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வயரின் இரண்டு முனைகளிலும் பிளக்கை வெட்டி எறிந்தார். நிறம் பார்த்து, நான்கு கம்பிகளையும் ஈயம் உருக்கி நேரே போர்டிலேயே பற்றவைத்தார்.