சித்திரபுரத்துக்கு உலர்த்தும் மிஷின் பார்க்கப் போனது

அன்றைக்கு வேனில் இருந்தவர்கள்: தெய்வானையாகிய நான். என் மாமியார் பழனாத்தாள். எனக்குப் பக்கத்துச் சீட்டில் ருக்குமணி. நான் கல்யாணமாகி வந்த அதே மாதம் அதே வீதிக்கு வாக்கப்பட்டு வந்தவள். பின்சீட்டில் குப்பாத்தாள், அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. முன்னால் டிரைவர் முத்துச்சாமி, அவருக்குப் பக்கத்தில் பிளாக் ஆபீசிலிருந்து வந்த மாதவன் சார். போய்ச் சேர்ந்த இடத்தில் இரண்டு பேர்: தேயிலை ஃபேக்டரியில் தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கர் சங்கரலிங்கம், அங்கே அடுப்பு பார்க்கிற இசக்கி. மொத்தம் எட்டுப் பேர். வேறு யாராவது நானும் வந்தேன் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில், ஒரு தை மாதம். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். நெல்லை அவித்துக் காயவைத்து அரிசியாக்கி விற்கிற பெண்கள் சங்கம் ஒன்று எங்களுக்கு இருந்தது. புரட்டாசி அறுவடை எப்போதும் மழையில் மாட்டும். அவித்த நெல்லைக் களத்தில் போட முடியாது. இரண்டு நாள் வீட்டுக்குள் கிடந்தால் நாற்றம் எடுத்துவிடும். அதனால் சூடான காற்றை ஊதி நெல்லைக் காயவைக்கிற மிஷின் ஒன்றைச் சங்கத்துக்குக் கடனில் தருவதாக இருந்தார்கள். அதை ஓட்ட ஒருத்தி வேண்டும். மாதச் சம்பளம்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அதுவரை என் கைக்கு வந்த காசெல்லாம் யாரோ பார்த்துக் கொடுத்த காசு. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. மிஷின் ஓட்டுகிறவள் என்று ஒரு பேர் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வேன் வாடகையில் எங்கள் பங்கு ஆளுக்கு ஏழு ரூபாய். கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிப் பொள்ளாச்சி இருபத்தைந்து கிலோமீட்டர், அங்கே டீ. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை முப்பது. ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் ஓர் அரிசி ஆலையில் நாங்கள் வாங்கப்போகிற மாதிரி மிஷினே இருப்பதாகச் சார் சொல்லியிருந்தார். இருந்தது. ரிப்பேர் என்று சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். சுற்றிவந்து பார்த்துவிட்டு வேனில் ஏறினோம். ஓடுகிற மிஷினைப் பார்க்க வேண்டுமானால் தேயிலை ஃபேக்டரிதான், அங்கேயும் சூடான காற்றுதான், இலையும் நெல்லும் காய்வது ஒரே விதம்தான் என்று சார் சமாதானம் சொன்னார்.

குப்பாத்தாள் விடவில்லை. "ஏனுங் சார், என்ற ஊட்டுக்காரரு தெனமும் நனஞ்சுட்டுத்தான் வர்றாருங்க. அவரையும் ஒரு தட்டுல வெச்சு உள்ள உட்டா ஒணந்து வருவாருங்களா?"

"அயாளெ உணக்கான் மிஷின் கிட்டில்லா" என்றார் சார். குடித்து நனைகிறவரைக் காயவைக்க மிஷின் கிடைக்காதாம். அத்தைகூடச் சிரித்தார். மாமியாரை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம்.

உடுமலையிலிருந்து மூணாறு எண்பத்தைந்து கிலோமீட்டர். சின்னாறு செக்போஸ்ட் வரை வெயில், முள்காடு. மறையூருக்கு மேலே ஏறினால் காற்று மாறும். இந்தப் பாதையில் வாந்தி வருகிறவர்கள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருவது நல்லது. ருக்குமணி சாப்பிட்டுவிட்டு வந்தாள். மூன்று இடத்தில் வேனை நிறுத்தி அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டிலிருந்து ஈரத்துணி கொண்டுபோயிருந்ததும் நான்தான். மூணாறில் மணி பதினொன்றரை. அங்கிருந்து கீழே பத்து கிலோமீட்டர் இறங்கினால் சித்திரபுரம். ஃபேக்டரி ரோட்டின் மேலேயே இருந்தது.

இறங்குவதற்கு முன் மாதவன் சார் எங்கள் நாலு பேரையும் பார்த்துச் சொன்னார்: "ஆரும் ஒண்ணும் தொடண்டா. கண்டா மதி." யாரும் எதையும் தொட வேண்டாம், பார்த்தால் போதும். பிறகு, தீக்குப் பக்கத்தில் நிற்கத் தகுந்தவள் யார் என்று டீமேக்கரே பார்த்துச் சொல்லட்டும், அவர் சொல்கிறவளை மிஷினுக்கு எடுக்கலாம் என்றார். ஆக எங்களில் யாருக்கு அந்த வேலை என்பது டீமேக்கர் வாயில் இருந்தது.

உள்ளே போகும்போதே தலைப்பூவை எடுத்துவிடச் சொன்னார்கள். தேயிலை எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளுமாம். கீழ்த்தளத்தில் புதிதாக வந்த நறுக்கும் மிஷின். பல் வைத்த இரண்டு இரும்பு உருளைகள் எதிரும் புதிருமாகச் சுற்றும். பச்சை இலை உள்ளே போய்ப் பொடியாகக் கிழிந்து விழும். முன்னெல்லாம் அரைமணி நேரம் உருட்டிய வேலை ஒரு நொடியில் முடிகிறது என்றார் டீமேக்கர். அதைத் தாண்டி உலர்த்தும் மிஷின். வீட்டு அறை அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி; உள்ளே தட்டுகள் சங்கிலியில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஈரமாகச் செம்பு நிறத்தில் உள்ளே போவது இருபது நிமிஷத்தில் கறுப்பாக வெளியே வரும். சூடு வருவது பின்னறையில் இருக்கிற விறகு அடுப்பிலிருந்து. அடுப்பு குழாய்களைச் சூடாக்கும், விசிறி அந்தக் காற்றைப் பெட்டிக்குள் தள்ளும்.

அடுப்பறையில் நான் நெடுநேரம் நின்றேன். அடுப்புக் கதவைத் திறந்து காட்டச் சொன்னேன்.

"அம்மா, தீயப் பாக்காதிய. இந்த முள்ளப் பாருங்க" என்று இசக்கி சுவரில் இருந்த வட்டக் கண்ணாடியைக் காட்டினார். "முள்ளு இந்தக் கோட்டத் தாண்டுச்சுன்னா டீ கருகிரும்."

"நாங்க தீயப் பாத்துப் பழகுனவங்க. முள்ளு எதுக்குங்க?"

"தீ எம்புட்டு எரிஞ்சா என்ன, உள்ள போற காத்து எம்புட்டு சூடுன்னு தெரியணும்லா? அத முள்ளுதான் சொல்லும்."

இலை குறைந்துவந்தால் தீயையும் குறைக்க வேண்டுமா, விசிறியைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டேன். தீயைத்தான், கடைசித் தட்டுகள் போகும்போது தீயைத் தணிய விட்டுவிட வேண்டும் என்றார். அன்று சாயங்காலம் டீமேக்கர், மாதவன் சாரிடம், "அந்த நெட்டப் பிள்ள கேக்குற கேள்வி சரியா இருக்கு சார்" என்றது என் காதில் விழுந்தது. நெட்டையானவள் எங்களில் நான் ஒருத்திதான். ருக்குமணி காதிலும் விழுந்தது. "உனக்குத்தான் புள்ள" என்று என் கையைக் கிள்ளினாள்.

இரவு தங்கியது மின்சார போர்டு குவார்ட்டர்ஸில், அத்தையின் சொந்தக்காரர் வீட்டில். தை மாதத்தில் இங்கே தங்குகிறவர்கள் ஆளுக்கு இரண்டு கம்பளி கொண்டுபோங்கள். எங்களிடம் மொத்தமே இரண்டுதான் இருந்தன. அத்தைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மறுபடி ஃபேக்டரி. போனதும் அடுப்புக் கதவை நானே திறந்து பார்த்தேன், இசக்கி விட்டார். கையில் கரி ஒட்டியது, கழுவவில்லை. பிறகு நானும் ருக்குமணியும் மாடிக்குப் போனோம். பச்சை இலையை வலையில் பரப்பி வாடவைக்கிற இடம் அது. சாரும் குப்பாத்தாளும் ஆபீஸ் பக்கம் டீ குடிக்கப் போனார்கள். அத்தை குளிருக்காக அடுப்பறையிலேயே ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நெல் அவிக்கும்போது தீ தணிந்தால் அந்த அண்டா நெல் அரை வேக்காடு; அரிசி நொறுங்கிப்போகும். அதனால் யார் வீட்டு அடுப்பாக இருந்தாலும், தீ தணிந்திருந்தால் அந்த வழியாகப் போகிறவள் கட்டையை உள்ளே தள்ளிவிட்டுப் போவாள். யாரையும் கேட்க மாட்டாள். தள்ளாமல் போனவளைத்தான் திட்டுவார்கள். அத்தை நாற்பது வருஷம் இப்படித் தள்ளியவர்.

அன்று இலை குறைவு. கடைசித் தட்டுகள் போய்க்கொண்டிருந்தன. இசக்கி தீயைத் தணிய விட்டுவிட்டு விறகுக் கொட்டகைக்குப் போயிருந்தார்.

மாடியில் இருந்த எங்களுக்கு முதலில் வந்தது வாசனைதான், ரொட்டி கருகுகிற மாதிரி. கீழே ஓடி வந்தோம். படிக்குக் கீழே அத்தை எதிரே வந்தார். போர்வையில் மரப்பட்டைத் தூள். முகத்தில் வேலை முடித்த திருப்தி. "வெத்தலப் பை வேன்ல கெடக்குது, போட்டுட்டு வாரேன்" என்று வெளியே போய்விட்டார். அடுப்பறையில் முள் கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது.

டீமேக்கர் வந்தார். பெட்டியின் வாயில் விழுந்த தேயிலையை அள்ளி முகர்ந்து கீழே போட்டுவிட்டு அடுப்பறைக்குள் நுழைந்தார். இசக்கியும் வந்து சேர்ந்தார்.

"யாருலே கட்டய வச்சது?"

"நான் கொட்டகைக்குப் போயிருந்தேன்யா."

அதற்குள் சாரும் குப்பாத்தாளும் வந்துவிட்டார்கள். டீமேக்கர் எங்கள் கைகளைப் பார்த்தார். என் கையில் கரி.

"நான் வெக்கலீங்க. நான் மாடில இருந்தனுங்க" என்றேன்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு இல்லங்கியா?"

"காலைல கதவத் தொறந்தேன், அந்தக் கரீங்க. வேணும்னா ருக்குமணியக் கேளுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் மேல போனோம்."

எனக்கு யார் வைத்தது என்று தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. நாற்பது வருஷம் அடுப்பு பார்த்த மனுஷியை, ஆண்கள் நிற்கிற இடத்தில், அடுப்பு தெரியாதவள் என்று ஆக்க என்னால் முடியாது. ஆனால் அது தேவையும் இல்லை. நான் அங்கே இல்லை என்று ஒருத்தி சொன்னால் போதும்.

சார் ருக்குமணியைக் கேட்டார்: இந்தக் குட்டி உன்னோடு மேலேதான் இருந்தாளா?

ருக்குமணி என்னைப் பார்த்தாள். பிறகு அந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"நான் எலையத்தான் பாத்துட்டிருந்தனுங்க. கவனிக்கலீங்க."

"தீயப் பாத்தாக் கை நிக்காத பிள்ளைய மிஷின்கிட்ட விடாதிய சார்" என்று சொல்லிவிட்டு டீமேக்கர் போய்விட்டார். அவ்வளவுதான்.

பதினொன்றுக்குக் கிளம்பினோம். மறையூரில் வெல்லம் வாங்கினோம். அங்கே வெல்லம் நன்றாக இருக்கும், உருண்டையாக வாங்குங்கள். உடுமலையில் மணி நாலு. சாரும் முத்துச்சாமியும் இறங்கி டீக்கடைக்குப் போனார்கள். வேனில் நாங்கள் நாலு பேர் மட்டும்.

அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "என்ன மிசினு வெச்சிருந்து என்ன? அடுப்பப் பாக்க ஒரு ஆளில்ல. காலைல நான் மட்டும் ரெண்டு கட்டயத் தள்ளலீன்னா தீ அணஞ்சே போயிருக்கும். அத ஒருத்தருங் கேக்கல."

குப்பாத்தாள் பின்சீட்டிலிருந்து என் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தன் வெல்லப் பையை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தாள். நான் ருக்குமணியைப் பார்த்தேன். "உடுமலைல வளவி வெல கொறச்சலாமா அக்கா" என்று குப்பாத்தாளிடம் கேட்டாள்.

சார் வந்து ஏறினார். உடுமலையிலிருந்து எங்கள் ஊர் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். சார் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார், தூங்கவில்லை. யார் கட்டையைத் தள்ளியது என்று ருக்குமணி சொல்ல வேண்டியதில்லை. தெய்வானை என்னோடுதான் இருந்தாள், இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றால் போதும். பொள்ளாச்சி வந்தது. கோபாலபுரம் செக்போஸ்டில் வண்டி நின்றது. ஆறு மணிக்கு எங்கள் வீதியில் இறங்கினோம். அவள் தன் வெல்லத்தை எண்ணி எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வருஷம் மிஷின் வந்தது. ருக்குமணி ஓட்டினாள். நன்றாகத்தான் ஓட்டினாள், முள்ளைப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. நான் கூடையில் நெல் கொண்டுபோய்க் கொட்டினேன், அவள் சம்பளம் வாங்கினாள்.

இந்த வழியாகத் தேயிலை ஃபேக்டரி பார்க்கப் போகிறவர்களுக்கு: காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். சாயங்காலத்துக்கு மேல் சின்னாறில் வண்டி விடுவார்களா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தலையில் பூ வேண்டாம். இலை நிறைய வருகிற மாதத்தில் போனால் எல்லா மிஷினும் ஓடும். எதையாவது தொட்டால் உடனே கையைக் கழுவிவிடுங்கள். உங்களோடு ஒருத்தி மாடிக்கு வந்தால், இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு ஏறுங்கள்.

டீமேக்கர் தன் கண்ணில் பட்டதைச் சொன்னார். அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. இசக்கி அடுப்பை விட்டுப் போனதற்கு அவருக்கும் திட்டு விழுந்திருக்கும். மாதவன் சார் கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டார். குப்பாத்தாள் ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்து அழுதாள். அழுததோடு சரி, இருந்தாலும் வந்தாள். அத்தைக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே பிளாக் ஆபீசுக்கு நடந்தே போயிருப்பார். அதனால்தான் நான் சொல்லவில்லை. ஃபேக்டரியில் நீ பயந்து வாய் வராமல் போயிருக்கலாம் என்று அந்த ஒரு வார்த்தையைக்கூட நான் விட்டுவிட்டேன். உடுமலைக்கு இந்தப் பக்கம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருந்தது. அதைத்தான் விட முடியவில்லை, ருக்குமணி.