வளையல் கடைக்காரியின் நெஞ்சு ஸ்கேன்

திருச்சுழி பஜாரில் வளையல் கடை வைத்திருக்கும் தங்கச்செல்வி, பதிமூன்று வருடமாக ஊரிலுள்ள கர்ப்பிணிகளுக்கெல்லாம் அளவு பார்த்து வளையல் எடுத்துக் கொடுத்தவள். ஒரு வளைகாப்பு வீட்டுக்கும் அவளைக் கூப்பிட்டதில்லை. பிள்ளை இல்லாதவள் கண் பட்டுவிடுமாம்! வளையலை மட்டும் அவள் கையால் வாங்கிக்கொள்வார்கள், நல்ல நியாயம்.

முப்பத்தாறு வயதில் அவளுக்கே ஏழாம் மாதம் நடந்தது. வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு நாலு நாள் முன்னால், அருப்புக்கோட்டையில் நான் நர்சாக இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவள் புருஷன் உதயகுமார் ஆட்டோவில் கூட்டிவந்தார். காய்ச்சல், இருமல், நாலு வார்த்தை பேசினால் மூச்சு இரைப்பு. ஒரு வாரமாக மறைத்திருக்கிறாள்.

“எக்ஸ்ரே எடுத்தா பிள்ளைக்கு ஆகாதுன்னாக. அதான் ரேணுகாக்கா, கசாயத்தக் குடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.”

“கெட்டிக்காரிதான் போ! ஒனக்கு மூச்சு முட்டுனா மட்டும் பிள்ளைக்கு ஆகுமாக்கும்?” என்று கத்திவிட்டேன்.

டாக்டர் கிருஷ்ணப்ரியா எக்ஸ்ரே கேட்கவில்லை. வயிற்றுக்குப் பார்க்கும் அதே ஸ்கேன் கருவியில் ஜெல் தடவி, விலா இடுக்குகளில் வைத்து முதுகுவரை நகர்த்தினார்.

“பிள்ளை முன்னாலதான இருக்கு, டாக்டரம்மா?”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்காமல் திரையைத் திருப்பிக் காட்டினார். இடது நுரையீரல் நன்றாக இருந்தது. வலது பக்கம் அடியில் மட்டும் வெள்ளைக் கோடுகள் மேலிருந்து கீழாக இறங்கின. நிமோனியா. உடனே பெட்டில் சேர்த்து ஆக்சிஜன் வைக்க வேண்டும் என்றார்.

“வெள்ளிக்கிழமை மட்டும் விட்டுருங்கம்மா. பதிமூணு வருசமா அடுத்தவ கையவே பாத்துட்டேன். ஒரு நாளு எங் கையப் பாக்கணும்.”

“வெள்ளிக்கிழமை காலைல திரும்ப ஸ்கேன் பாப்போம்” என்றார் டாக்டர்.

ஊசி போடப் போகும்போதெல்லாம், “கோடு கொறஞ்சிருக்குமாக்கா?” என்று கேட்பாள்.

“எங் கண்ணுல என்ன ஸ்கேன் மிசினா இருக்கு?” என்று சிடுசிடுப்பேன். உள்ளுக்குள் தெய்வத்தை வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பார்த்தபோது கோடுகள் குறைந்திருந்தன, முழுக்கப் போகவில்லை. அனுப்ப முடியாது என்று டாக்டர் சொன்னதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மத்தியானம் உதயகுமார் கடையிலிருந்து கண்ணாடி வளையல் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் வளையலைப் பிள்ளை பெற்றவள்தான் போட வேண்டும். பக்கத்துப் பெட்டில் இருந்த மாரிக்கனி மூன்று பெற்றவள், சந்தோஷமாக எழுந்து வந்தாள். தங்கச்செல்வி கையை என் பக்கம் நீட்டினாள்.

“எனக்குப் பிள்ளை இல்லைன்னு தெரியும்ல? நான் போடக்கூடாதுடி.”

“தெரியும்க்கா. ஒங்களையும் எவளும் கூப்பிட்டிருக்க மாட்டா. போடுங்க.”

இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ கைகளைப் பிடித்து ஊசி போட்டவள் நான். டப்பாவிலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்து ஏற்றினேன்; வளைகாப்புக்கு நான் வளையல் போட்டது அதுதான் முதல் தடவை. ஒன்று போட்டதும் மாரிக்கனிக்கு இடம் விட்டிருக்க வேண்டும். மனசு வரவில்லை.

“இன்னொண்ணு போட்டுவிடட்டா?” என்று கேட்டேன்.