சீட்டு மேஜையில் அணைத்த சூடம்

இதை எழுத எத்தனையோ வருஷமாகத் தயங்கினேன். சீட்டு என்று ஆரம்பித்தாலே நம் ஊரில் சூதாட்டம் என்று நினைப்பார்கள். பிறந்த வீட்டு விஷயத்தைத் தெருவில் வைக்காதீர்கள் என்று என் மனைவியும் தடுத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் இந்த வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் தரிசன வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால், சீட்டாடுகிற இடத்தில் பார்த்த முகம் ஒன்று. "அந்த ரூலை எடுக்க வெச்சதே நாங்கதான்டா, சண்டை போட்டோம்ல" என்று அவன் கூட வந்தவனிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தான். பெருமாளைச் சேவிக்கப் போகிற இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது. நான் பத்தாவதோடு நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் தம்பி மன்னார்புரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்ப்பவர். கல்யாணம் ஆகவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டார். அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம், தென்னூரில் ஒரு கடை மாடியில் ஞாயிறுதோறும் நடந்த சீட்டாட்டம். பணம் வைத்து ஆடுவது அல்ல. ஒவ்வொரு சீட்டிலும் வீரன், மிருகம், மந்திரம் என்று ஒரு படமும் அதன் பலமும் இருக்கும். கம்பெனி பாக்கெட் பாக்கெட்டாக விற்கும். அவரவர் சேர்த்ததில் ஒரு கட்டு அமைத்துக்கொண்டு எதிராளியோடு மோத வேண்டும். மைத்துனருடையது பொறுமைக் கட்டு. அடி வாங்கிக்கொண்டே இருப்பார். எதிராளி களைத்த பிறகுதான் எழுவார். அதனால் அங்கே அவரைக் "கோட்டை அண்ணே" என்பார்கள். வேறெங்கும் அவரை ஒருவர் அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பிறகு கம்பெனி விதியை மாற்றியது. தன் முறை வரும்போது தாக்காமல் இருப்பவர் கையிலிருந்து ஒரு சீட்டை இழக்க வேண்டுமாம். ஆட்டம் சட்டென்று முடிய வேண்டும், புதுப் பாக்கெட் விற்க வேண்டும், வேறென்ன? பார்த்துப் பார்த்துச் சேர்த்த கட்டு ஒரே நாளில் குப்பை. மாடி முழுக்கக் கொதித்தது. "இது ஆட்டமா, பஸ்ல ஏறுற தள்ளுமுள்ளா?" "கம்பெனி ஆளு வரட்டும், கிழிச்சிடுவோம்." அந்த ஆள் அடுத்த வாரமே வருகிறார் என்று தெரிந்ததும், ஒருவர் பேச, எல்லோரும் அவரோடு எழுந்து நிற்பது என்று முடிவாயிற்று. "கோட்டை அண்ணே பேசட்டும், அவருக்குத்தானே அடி ஜாஸ்தி!" டீ சாசரில் சூடம் ஏற்றி, ஒவ்வொருவராக அணைத்துச் சத்தியம் செய்தார்கள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே அணைத்தார்கள். மைத்துனர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அணைத்தார். அழைத்துப் போக வந்த நான் இதை வாசலில் நின்று பார்த்தேன். வண்டியில் வரும்போது, "சூடத்துல சொல்லிட்டாங்க அத்தான், இனிமே மாற மாட்டாங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கம்பெனி ஆள் வந்ததும் பையைத் திறந்து, இன்னும் கடைக்கே வராத புதுப் பாக்கெட்டை ஆளுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுத்தார். மைத்துனர் எழுந்தார். "பொறுமையா ஆடுறது தப்பா சார்? காத்திருக்கிறவன் கையிலேருந்து புடுங்குறீங்களே. இங்க யாருக்குமே இது பிடிக்கல சார்."

"அப்படியா? வேற யாருக்காவது கம்ப்ளெயிண்ட் இருக்கா?"

பாக்கெட் கிழிபடுகிற சத்தம்தான் கேட்டது. நான் எழுந்தேன். "நீங்க ஆடுறவரா?" என்றார் கம்பெனி ஆள். இல்லை என்றேன். "அப்ப உட்காருங்க." ஒருவன் தலை நிமிராமலே, "அண்ணே, உட்காருங்கண்ணே, டயம் ஆவுது" என்றான். மைத்துனர் திரும்பிப் பார்த்தார். ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

சூடம் அணைத்த கையாலேயே கிழித்தார்களே, அந்தக் கை கூசவில்லையா? பெருமாள் பொறுப்பார். என்னால் முடியவில்லை.

அதன் பிறகு அவர் அந்த மாடி ஏறவில்லை. தோற்றுப்போகிற பயத்தில் அழுதுகொண்டு ஓடிவிட்டார் என்று கதை கட்டினார்கள். எங்கெங்கோ இருந்து புகார் குவிந்து, கம்பெனி கடைசியில் அந்த விதியை எடுத்துவிட்டது. உடனே இவர்கள் போராளிகள் ஆகிவிட்டார்கள்! அவரோ இப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கே போகிறார். முதலாளி லீவு கொடுத்தாலும் வாங்குவதில்லை.

படிக்கிறவர்கள் இதைத் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். அவர் அழுதார் என்று சேர்க்காதீர்கள். சிங்கம்போல் கர்ஜித்தார் என்றும் வேண்டாம். எழுந்தார், கேட்டார், தனியாக நின்றார். அவ்வளவுதான் நடந்தது.