குமரகுரு வீட்டு நீலக் கரைக் கோழிகள்

குமரகுரு எங்கள் தெருவில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த பட்டு நெசவாளர். 2024 ஏப்ரல் 24, புதன்கிழமை, காலை ஆறு நாற்பதுக்குத் தறியில் உட்கார்ந்தபடியே சாய்ந்தார். வயது அறுபத்தொன்றும் ஐந்து மாதமும். அவரைப் பற்றி எழுத என்னிடம் இருப்பது ஒரு கோழிப் பதிவேடுதான்.

பதிவேட்டைத் தொடங்கியது நானல்ல, அவருடைய ஒரே மகள் அபிநயா. 2016இல் கல்லூரியில் படித்தபோது கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து பஸ் பார்சலில் ஒரு டஜன் முட்டை வரவழைத்து, நாட்டுக்கோழியை அடைக்கு வைத்தாள். ஐந்து பொரித்தன. வயன்டாட் என்ற வெளிநாட்டு இனம். ஒவ்வொரு இறகும் செங்கல் நிறம். அதைச் சுற்றி ஒரே அகலத்தில் சாம்பல் கலந்த நீலக் கரை. கழுத்திலிருந்து வால் வரை அந்தக் கரை எங்கும் விட்டுப் போகாது. உதிர்ந்த இறகு ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்த குமரகுரு, "எந்தத் தறியில போட்டான் சார் இத?" என்றார்.

2018 ஜூனில் அபிநயா வாலாஜாபாத்தைச் சேர்ந்த வேல்முருகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். விவசாயக் குடும்பம், வேறு சாதி. இனி அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று குமரகுரு சொல்லிவிட்டார். ஆனால் கோழிகளுக்கு வேளை தவறாமல் தீவனம் வைத்தார். ஒரு வாரம் கழித்து அவள் எழுதிவந்த பதிவேட்டை என்னிடம் கொண்டுவந்தார். பாலாற்றில் நீர்மட்டம் அளந்து எழுதுவது என் உத்தியோகமாக இருந்தது; முப்பத்து நான்கு வருடம்.

"தண்ணியே வராத ஆத்துக்கு தினம் சைபர் எழுதின ஆளு நீங்க. இதுல குஞ்சாவது இருக்குது, எழுதுங்க" என்றார். எழுந்து போகும்போது வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒருநாள் வந்து நின்னா, அது விட்டுட்டுப் போனது மாறாம இருக்கணும் சார். அவ்ளோதான்."

அவளைப் பற்றி அவர் பேசியது ஆறு வருடத்தில் அது ஒருமுறைதான். அவராகப் போய் அழைக்கவும் இல்லை.

குஞ்சுக்கு இறகு முழுதாகக் கட்ட நான்கு மாதமாகும். நூற்றிருபதாம் நாள் நான் போய் ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்து எழுதுவேன். முதல் வருடமே தகராறு வந்தது. சிலவற்றுக்கு நீலத்துக்குப் பதில் கருப்புக் கரை. சிலவற்றுக்கு வெளுத்துப்போன கரை, நடுநடுவே நீலப் பொட்டு.

"ஒரே பாவுல மூணு கரை எப்படி சார் வரும்?" என்றார் குமரகுரு. ஒரு புடவையில் கரை பாதியில் நிறம் மாறினால் வேறு சாயத்து நூல் கலந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு பார்வை போதும். கோழிக்கும் அதே கணக்கைப் போட்டார். பக்கத்து வீட்டு முனுசாமியின் நாட்டுச் சேவல்தான் சுவரேறி வந்து கலந்துவிட்டது என்று முடிவு செய்து சண்டைக்குப் போனார்.

"என் சேவலுக்கு வேற பொழப்பு இல்லியா? உன் வூட்டுக் கோழிக்குன்னு ஏணி போட்டு ஏறி வருதா?" என்றார் முனுசாமி.

"வந்துக்கினுதான் இருக்குது. கண்ணால பாத்தேன்."

"பாத்தியே, ரவிக்க போட்டுக்கினு வந்துச்சா?"

தெருவே சிரித்தது. அதன்பிறகு இரண்டு வருடம் இருவரும் பேசவில்லை. குமரகுரு கூண்டுக்கு மேலேயும் வலை அடித்தார். அடுத்த ஈட்டில் பொரித்த குஞ்சுகளிலும் கருப்பும் வெளுப்பும் வந்தன. "இதுங்கள நம்ம வூட்ல வெச்சிக்கக் கூடாது. வாலாஜாபாத் சந்தையில தள்ளிடு" என்று மனைவி இந்திராணியிடம் சொல்வார். அந்த அம்மாள் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். நான் குறிப்புப் பத்தியில் 'கலப்பு' என்றும், அதற்கடுத்து 'சந்தை' என்றும் எழுதுவேன்.

இந்த வருடம் மார்ச்சில் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தது. இருந்த ஒரே சேவலும் இளங்கோழிகளும் ஒன்பது நாளில் போயின. கிழட்டுப் பெட்டைகள் இரண்டு மிஞ்சின. குமரகுரு இரண்டு நாள் சாப்பிடவில்லை. கால்நடை மருத்துவர் பிரேம்நாத்திடம் நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன், இதே இனத்தில் கலப்பில்லாத சேவல் எங்கே கிடைக்கும் என்று கேட்க. அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, இதுல கலப்பே இல்லியே. ரெண்டு நீலத்த சேர்த்தா பாதிதான் நீலமா வரும். கால் பங்கு கருப்புக் கரை, கால் பங்கு வெளுத்த கரை. எல்லாம் ஒரே ரத்தம். அந்தக் கருப்பையும் வெளுப்பையும் சேர்த்திருந்தீங்கன்னா பொரிக்கிறது மொத்தமும் நீலமா இருந்திருக்கும்."

அங்கேயே உட்கார்ந்து கூட்டினேன். மொத்தம் எண்பத்து நான்கு. நீலம் நாற்பத்து மூன்று, கருப்பு இருபது, வெளுப்பு இருபத்தொன்று. ஆறு வருடமாக விடை என் கையெழுத்தில்தான் இருந்தது. நான் ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை.

சந்தையில் யாரிடம் கொடுத்தீர்கள் என்று இந்திராணி அம்மாளிடம் கேட்டேன். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"சந்தைக்கே போவலண்ணா. எல்லாத்தையும் அபிநயாகிட்டதான் குடுத்தேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க."

மறுநாளே வாலாஜாபாத் போனேன். அபிநயா வீட்டுக் கொல்லையில் அவற்றில் மிஞ்சியிருந்த வெளுத்த கரைச் சேவல் ஒன்று, கருப்புக் கரைப் பெட்டைகள் நான்கு, அவற்றின் பிள்ளைகள் பதினேழு. பதினேழும் நீலம். இரண்டு முறை எண்ணினேன். அவள் மோர் கொண்டுவந்து வைத்தாள். "இன்னும் ஆறு மணிக்கே தறியில உக்காந்துடறாரா பெரியப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

குமரகுருவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த, ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார்.

"அப்போ, எதுவுமே கலப்பு இல்லியா?"

"இல்லை."

"நாம வேணாம்னு தள்ளினதுங்ககிட்டதான் நீலம் இருக்குதா?"

"பதினேழு."

நாடாவை எடுத்து, திரும்பவும் கீழேயே வைத்தார். பிறகு, "பொண்ண வரச் சொல்லட்டுமா, நான் போவட்டுமா சார்?" என்றார்.

"நீங்கதான் போகணும்."

"போறேன். தறியில இருக்கிற பொடவைய நெய்து முடிச்சி அறுத்துட்டுப் போறேன். ஆறு வருஷம் கழிச்சி வெறுங்கையோட போயி நிக்கச் சொல்றீங்களா?"

தறியில் இருந்தது செங்கல் நிற உடலும் நீலக் கரையும். யாருக்கு என்று நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. எட்டு நாள் வேலை பாக்கி என்றார். புடவை பிறகு போகட்டும், நாளைக்கே கிளம்புங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பாதியில் எழுந்து போகிறவர் அல்ல என்று விட்டுவிட்டேன். அன்றே முனுசாமி வீட்டுக்குப் போய், "உன் சேவலு மேல தப்பு இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். முனுசாமி, "சேவலு போன தீபாவளிக்கே கொழம்பாயிடுச்சி, யாருகிட்ட சொல்றது?" என்றாராம். சொல்லும்போது குமரகுரு சிரித்தார்.

ஆறாம் நாள் காலையில் சாய்ந்தார். இன்னும் ஒன்றரை முழம் பாக்கி இருந்தது.

அபிநயா வந்தாள். வாசலில் தயங்கி நின்றவளை முனுசாமிதான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். காரியம் முடிந்த மறுநாள் என் வீட்டுக்கு வந்து பதிவேட்டைக் கேட்டாள். கொடுத்தேன். முதல் பக்கம் அவளுடையது. ஐந்து குஞ்சு: நீலம் மூன்று, கருப்பு ஒன்று, வெளுப்பு ஒன்று. குறிப்புப் பத்தியில் ஐந்துக்கும் 'நலம்' என்று எழுதியிருந்தாள். அந்தக் கருப்பையும் வெளுப்பையும் முட்டை விற்றவன் கலந்து அனுப்பிவிட்டான் என்று குமரகுரு அப்போதே ஒதுக்கியிருந்தார். அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சின்னப் பெண், தெரியாமல் எழுதிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் பக்கங்களைத் திருப்பினாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள். அங்கிருந்து விரலை இறக்கிக்கொண்டே போனாள். கலப்பு, கலப்பு, கலப்பு.

"இது யாரு எழுத்து பெரியப்பா?"

"என்னுடையதுதான்."

"அப்பா சொல்லி எழுதினீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவர் இப்போது இல்லை.

"நானும் அப்படித்தாம்மா நினைச்சேன்" என்றேன்.

அவள் பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.