மாப்பிள்ளை பேரில் போட்ட ரூம்

கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் தங்கச்சியைக் கட்டப்போகிறவரின் பேரைச் சொன்னதில்லை. அம்மா, தாய்மாமன், நான், எல்லாருக்கும் அவர் 'மாப்பிள்ளை'தான். பேர் சொன்னால் மரியாதைக் குறைச்சல் என்று நினைப்பு. அந்த மரியாதைதான் எங்களைச் சிவகாசி லாட்ஜ் ஒன்றில் முழி பிதுங்க நிறுத்தியது.

வீட்டுக்கு ஒரு செல்போன் வந்திருந்த காலம். ஆவணி முகூர்த்தம் ஒரு பக்கம், வெடி வாங்க வெளியூர் வியாபாரிகள் குவியும் சீசன் ஒரு பக்கம். ஊரில் ஒரு கட்டில் காலி இருக்காது. மாப்பிள்ளை வீட்டார் திருப்பூருக்குப் பிழைக்கப் போன நம்ம பக்கத்து ஆட்கள். முந்தின நாளே வந்து தங்குவதற்காக மாமா போனிலேயே இரண்டு ரூம் சொல்லி வைத்திருந்தார்.

மதியம் சாவி வாங்கப் போனோம். மேனேஜராக இருந்த பாய் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாப்பிள்ளை வீட்டாருக்கா? அவுக காலையிலயே வந்து குளிச்சுச் சாப்பிட்டும் முடிச்சிட்டாகளே!"

"எங்க மாப்பிள்ளை இன்னும் மதுரையே தாண்டலையே பாய்?" என்றார் மாமா.

விசாரித்தால், இன்னொரு கல்யாண வீட்டாரும் மாமா மாதிரியே அதே நாளைக்கு 'மாப்பிள்ளை பேர்ல' இரண்டு ரூம் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஆள்தான் மறந்துபோய் ரெண்டாந்தரம் கூப்பிடுகிறார் என்று பாய் நினைத்துவிட்டார்.

"பேரு என்னன்னு கேட்டா மாப்பிள்ளைங்கீக. ஒரு முகூர்த்தத்துல எத்தனை மாப்பிள்ளைய்யா!"

மாமா அசரவில்லை. "அது கெடக்கட்டும், வெந்நி எத்தனை மணிக்கு வரும்?"

"பந்தியிலயே இடமில்லங்கேன், இலை பொத்தல்ங்கீகளே!" என்று பாய் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: "நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம். கூட வாற சனத்தை மட்டும் நிக்க வச்சிராதீக." வந்த அன்றே நிற்க வைத்தால், அந்தப் பேச்சைத் தங்கச்சி ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பாய்க்கு என் முகம் புரிந்திருக்கும். மாடியில் இரண்டு ரூமில் ஒரு காலண்டர் வியாபாரி அடுத்த வருசத்துச் சாம்பிள்களைப் பரப்பி வைத்திருந்தார். பாய் போய்ப் பேசினார். வியாபாரி யோசிக்கவேயில்லை. "கல்யாண காரியம், எடுத்துக்கோங்க. நான் கீழ வராந்தாவுல கடை போட்டுக்கிறேன்" என்றார்.

லாட்ஜைக் கூட்டிப் பெருக்கும் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். "என்ன மச்சினரே, வேடிக்கை பாக்கவா வந்தீக? காலண்டர் கட்டைத் தூக்குங்க!"

காலண்டர் படத்து முருகனையும் லட்சுமியையும் நான் தோளில் சுமந்து படியிறங்கினேன். பாதி ரூம்கூடக் காலியாகவில்லை, வாசலில் வேன் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அம்மா. "ரூமு எங்கன?" என்றார். பாய் முன்னால் வந்தார்.

"தாயி, தப்பு எம்மேல. உங்க ரூமை வேற மாப்பிள்ளைக்குக் குடுத்துட்டேன்." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அந்த அம்மா அவரையே பார்த்தார். தோளில் காலண்டர் கட்டோடு நின்ற என்னையும் பார்த்தார்.

"மாப்பிள்ளை மாறாம ரூமு மட்டுந்தானே மாறிருக்கு? நல்ல சகுனந்தான், விடுங்க."

வேனுக்குள் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் முந்தி வந்த மாப்பிள்ளை வீட்டாரே என்னவென்று எட்டிப் பார்த்தார்கள்.

மாடி ரூம் சுவரில் கழற்றாத காலண்டர்கள் இன்னும் தொங்கின. "ஆவணியிலயே இங்கன தை பொறந்துருச்சே!" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். கடைசிக் கட்டைத் தூக்கக் குனிந்த என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது அங்கனயே கெடக்கட்டும். நீங்க உக்காருங்க முதல்ல. காலையிலிருந்து நின்னுக்கிட்டேதான் இருந்திருப்பீக."